நுரையீரலில் ரத்தக்கட்டி: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் திடீரென்று மூச்சு வாங்கியது. ஈசிஜி, எக்ஸ்ரே இரண்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் ஏன் சிடி ஸ்கேன்?

அவசியம் என்பதால்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால், எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். படுத்தே கிடக்கும்போது காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைக்கிறது. ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருப்பது மட்டுமே தெரியலாம். கட்டியையே பார்க்க, சிரையில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் வேண்டும். சிறுநீரகம் மோசமாக இருந்தால் வேறு வகை ஸ்கேன் உண்டு.

‘டி-டைமர் ரத்தப் பரிசோதனை போதாதா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரத்தக்கட்டி சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளப்பது அது. சந்தேகம் குறைவாக இருப்பவருக்கு அது நார்மல் என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ஆபரேஷன், காய்ச்சல், கர்ப்பம், முதுமை என்று எதற்கும் அது ஏறும். அப்பாவுக்கு எப்படியும் ஏறித்தான் இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மாரடைப்புக்குப் போடுவதுபோல, கட்டியைக் கரைக்கும் ஊசியை எனக்கு ஏன் போடவில்லை?

ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கி உயிர் ஊசலாடுபவருக்குத்தான் பெரும்பாலும் அந்த ஊசி. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதில் உண்டு. மற்றவர்களுக்கு ஹெப்பாரின் ஊசி, அல்லது அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற மாத்திரை. இவை கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லப் பார்த்துக்கொள்ளும்.

வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கீரையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். வார்ஃபரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான்; கீரையின் அளவு மாறினால் அதன் வேலையும் மாறும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாதீர்கள், அவ்வளவுதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கட்டும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவதுதான் கீரையைவிடப் பெரிய வம்பு.

மூன்று மாதம் ஆயிற்று. மாத்திரையை நிறுத்தலாமா?

ஆபரேஷனால் வந்த கட்டி என்றால் பெரும்பாலும் நிறுத்தலாம், டாக்டரைக் கேட்டுவிட்டு. காரணமே இல்லாமல் வந்திருந்தால் நீண்ட நாள் தேவைப்படலாம். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதா? அப்படியானால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகித் தங்கிவிடுவதுண்டு.