யாருடைய தயவும் இல்லாமலா?

கேள்வி: எனக்கு 34 வயது. யாருடைய தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன். நல்ல வேலை, நல்ல நண்பர்கள், தேவைக்கு மேல் பணம். நோயில் படுத்தாலும் கூலிக்குப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கிறார்கள். பெற்றோரும் அக்காவும் போனில் அழைத்துக் கேட்டதையே கேட்கிறார்கள், அலுப்பாக இருக்கிறது. உறவை விட்டு விலகிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. மனிதனுக்குக் குடும்பம் அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். முதலில் அந்த 'யாருடைய தயவும் இல்லாமல்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்கவே சில மாதங்கள் ஆகும். அதுவரை உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்த கை யாருடையது?

வேளைக்குப் பாலும் மாற்றுத் துணியும் கிடைத்தால் குழந்தை வளர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ருமேனியாவில் 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசுக் காப்பகங்களில் ஏராளமான குழந்தைகள் இருந்தது வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஒரு பணியாளர் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டும். நேரம் முடிந்தால் ஆள் மாறிவிடும். தன்னுடையவர் என்று சொல்ல எந்தக் குழந்தைக்கும் யாரும் இல்லை. 2000-ல் அந்நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். காப்பகத்திலேயே தங்கியவர்கள் அறிவு வளர்ச்சியில் பின்தங்கினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அவர்களை வளர்த்தவர்கள் பெற்றவர்கள் அல்லர், ரத்த சம்பந்தமும் இல்லை. ஆனால் அழுதபோதெல்லாம் அதே முகம் வந்தது, அதே கை தூக்கியது. குடும்பம் என்று நான் சொல்வது இதைத்தான். உங்களுக்கு இது கேட்காமலேயே கிடைத்திருக்கிறது.

கூலிக்குப் பார்த்துக்கொள்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் பலர் மிகுந்த பரிவுள்ளவர்கள். ஆனால், சிறு வயதில் எந்த மருந்து ஒவ்வாமல் உங்கள் உடம்பெல்லாம் தடித்தது என்று டாக்டர் கேட்டால், அவர்களால் சொல்ல முடியாது. உங்களுக்கே நினைவிருக்காது. அம்மா சட்டென்று சொல்வார், அக்காவும் சொல்லக்கூடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1938-ல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 724 ஆண்களின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதை, 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அப்போது உறவுகளில் இருந்த நிறைவே நன்றாகக் காட்டியது. நண்பர்களையும் சேர்த்துத்தான் அந்த ஆய்வு பேசுகிறது. நல்ல நண்பர்கள் வாய்த்தது உங்கள் கொடுப்பினை, விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர்களைக் காரணம் காட்டிப் பெற்றோரை ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை.

கேட்டதையே கேட்கிறார்கள் என்கிறீர்கள். வேறு எதைக் கேட்பார்கள்? உங்கள் வேலையில் என்ன சிக்கல், எதை நினைத்து இரவில் தூக்கம் வராமல் கிடக்கிறீர்கள் என்று ஒருநாளாவது அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே வந்து பேசவில்லை என்று குறைப்படுகிறீர்கள். குடும்பத்தால் உங்களுக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்க்கும் இந்தக் கடிதத்தில், அப்பாவின் உடல்நிலை எப்படி, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அடித்துத் துன்புறுத்திய வீட்டிலிருந்தும், மானத்தைக் குலைத்த உறவுகளிடமிருந்தும் விலகி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால், திரும்பிப் போங்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். வேறு மனிதர்களோடு தங்களுக்கென்று ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு காயமும் இல்லை. இருப்பது அலுப்பு ஒன்றுதான். அதற்காக விலகிவிடலாமா என்று கேட்டால், என் பதில் கூடாது என்பதே.