பித்தப்பை அழற்சி: உடனே அறுவை சிகிச்சையா, பொறுத்திருக்கலாமா?

திடீரென ஏற்படும் பித்தப்பை அழற்சியை மருந்திலேயே குணப்படுத்த முடியாதா, பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானோருக்கு, பித்தப்பையிலிருந்து வெளியேறும் குறுகிய குழாயில் கல் சிக்கிக்கொண்டு பித்தநீர் உள்ளேயே தேங்குவதால்தான் இந்த அழற்சி உண்டாகிறது. வலது விலாவுக்குக் கீழே மருத்துவர் விரல்களால் அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னால், வலி தாங்காமல் மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அழற்சியை உறுதிசெய்யும்.

மருத்துவமனையில் சேர்த்ததும் உணவை நிறுத்தி, சிரை வழியாகத் திரவமும் வலி நிவாரணியும் ஆன்டிபயாடிக் மருந்தும் தருவார்கள். இவற்றால் வலி அடங்கலாம். ஆனால் கற்கள் அங்கேயேதான் இருக்கும். எனவே உடல்நிலை இடம்கொடுத்தால், ஒரு வாரத்துக்குள், கூடுமானால் முதல் 72 மணி நேரத்துக்குள், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றிவிடுவதே இன்று பரிந்துரைக்கப்படுகிறது. அழற்சி தணியட்டும் என்று 6 வாரத்துக்கு மேல் காத்திருந்து அறுவை செய்வது பழைய வழக்கம். அந்த இடைவெளியில் வலி திரும்பி, மீண்டும் மருத்துவமனையில் சேர நேரிடுவது உண்டு என்பதால் என் பரிந்துரையும் சீக்கிரமே அறுவை செய்துகொள்வதுதான்.

கடும் இதய நோய் போன்ற காரணங்களால் அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தித் தேங்கிய பித்தநீரை வடிப்பார்கள். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தில் கல் இறங்கியிருந்தால், அதை வாய் வழியாகக் குழாய் செலுத்தும் எண்டோஸ்கோப்பி மூலம் தனியே எடுக்க வேண்டியிருக்கலாம்.

பித்தப்பை இல்லாமல் வாழ முடியுமா என்று அஞ்ச வேண்டாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் பை மட்டுமே. ஆனால் வலியோடு குளிர்காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால், விடியட்டும் என்று பொறுத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.