நடுநிலைப் பள்ளிக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளிப்பதில் அன்றாடம் என்னென்ன சிக்கல்கள் வரும்?

கல்லூரி வரை கால்பந்து ஆடியிருப்பதாகவும், ஆனால் எவருக்கும் பயிற்சியளித்த அனுபவம் இல்லை என்றும், வரும் கல்வியாண்டில் பள்ளி அணியின் பொறுப்பு உங்களிடம் வருவதால் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கணித ஆசிரியர். ஒன்பது ஆண்டுகளாக ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் அணியைக் கவனித்து வருகிறேன். ஆட்டம் தெரிந்தவர் என்பது உங்களுக்குக் கைகொடுக்கும். இருந்தாலும் நாள்தோறும் நீங்கள் மல்லுக்கட்டப்போவது பெரும்பாலும் ஒரே நிறச் சட்டை அணிந்த பிள்ளைகளுக்கு இடையே இருக்கும் ஏற்றத்தாழ்வோடுதான். உயரம், புரிதல், பொறுமை, வீட்டார் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு என எதிலும் இரண்டு பேர் ஒரே அளவில் இருக்க மாட்டார்கள்.

முதலில் உடல். பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள்; ஆனால் அது சராசரிதான், ஒருவருக்கு ஓராண்டு முன்னதாகவும் இன்னொருவருக்கு இரண்டாண்டு பின்னதாகவும் அந்த வளர்ச்சி வரலாம். ஆகவே ஏழாம் வகுப்பில் மீசை அரும்பிய ஒருவனும், அவன் நெஞ்சளவுகூட இல்லாத இன்னொருவனும் ஒரே பந்துக்காக மோதுவார்கள். என் முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு இங்கேதான் தொடங்கியது. உயரமானவனை முன்னால் நிறுத்திவிட்டு, பந்தை அவனுக்கு மேலே தூக்கியடித்தால் போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வென்றோம், வென்றதனால் என் கணக்கு சரியென்றும் நம்பினேன். இரண்டாண்டு கழித்து மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டியபோது, ஓடிப் பந்தைப் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் அவனுக்குக் கற்றுத்தரப்படவில்லை என்பது வெளிச்சமாகிவிட்டது. அதே இரண்டாண்டுகளில், மோதினால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தாலேயே பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பி அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்த சின்னவன் ஒருவன், அணியிலேயே நன்றாகப் பாஸ் கொடுப்பவனாக ஆகியிருந்தான். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

உடல் சார்ந்த இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பயிற்சி தொடங்கிக் கால்மணி நேரத்தில் நொண்டத் தொடங்குவான். விழவும் இல்லை, அடிபடவும் இல்லை, வீக்கமும் இல்லை. ஓட்டம் என்றால் நொண்டுவான், நின்று பாஸ் கொடுக்கும் பயிற்சியில் சரியாகிவிடுவான். சோம்பல் என்று நினைத்து எல்லோர் முன்னிலையிலும் ஒரு நாள் கடிந்துகொண்டேன். அடுத்த வாரம் அவன் தாயார் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடன் போனேன். மருத்துவர் அவன் குதிகாலை இரு பக்கமும் விரல்களால் மெல்ல அழுத்தினார். பையன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சோதனை ஏறக்குறைய அவ்வளவுதான். குதிகால் எலும்பின் வளரும் பகுதியைக் கெண்டைக்கால் தசையின் நாண் தொடர்ந்து இழுப்பதால் வரும் வலி அது. 1912-இல் அதை விவரித்த செவர் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே முன்புறம் இதுபோலவே வரும் வலிக்கு ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இருவரின் பெயர். இரண்டும் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வளரும் வயதில் வருபவை. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே போய்விடுபவை. ஆனால் அதுவரை ஓட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அந்தப் பையனிடம், கடிந்துகொண்ட அதே மைதானத்தில், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து 'வலிக்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால், எங்கே, எப்போது, எதைச் செய்தால் என்று மூன்று கேள்விகள் கேட்டுக் குறித்துவைக்கிறேன். ஏழு முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கென்று உருவாக்கப்பட்ட 'ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்' என்ற உடல் தயாரிப்புப் பயிற்சியையும் விடாமல் செய்யவைக்கிறேன். நான்கு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. கால்மணி நேர வேலை. பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள்.

அடுத்தது நேரம். பள்ளி அட்டவணையில் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கும். உடை மாற்றி, முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பான ஷின் கார்டைத் தேடி, காலணிக் கயிறு கட்டி, தண்ணீர் குடித்து, போட்ட சண்டையைத் தீர்த்து முடித்தால் கையில் நிற்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தையும் தொடக்கத்தில் வரிசையில் நிற்கவைத்தே செலவழித்தேன். பதினெட்டுப் பேர் ஒரே கோல் போஸ்டை நோக்கி வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராக உதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உதைக்கும் பந்தை எடுத்து வருவதற்கும் சேர்த்துப் பதினெட்டு நொடி ஆனால், ஒரு பிள்ளைக்கு மறுமுறை வாய்ப்பு வர ஐந்தரை நிமிடம் ஆகும். இருபது நிமிடப் பயிற்சியில் ஆளுக்கு நான்கு உதைகூட முழுதாகத் தேறாது. மீதி நேரம் முழுவதும் முன்னால் நிற்பவனின் காலை மிதிப்பதில் போகும். கணிதம் கற்பிப்பவனுக்கே இந்தக் கணக்கு உறைக்க ஓராண்டு ஆனது என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இப்போது மைதானத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நான்கு பேருக்கு நான்கு பேர் என்று ஆடவிடுகிறேன். ஒளிந்துகொள்ள யாருக்கும் இடம் இருக்காது. பந்து எல்லோர் காலுக்கும் வந்துபோகும். ஒழுங்குப் பிரச்சினைகளில் பாதி, நான் வாயைத் திறக்காமலேயே மறைந்துவிட்டன.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது ஆட்ட நிமிடங்கள்தான். பாதிக்கு முப்பது நிமிடமாக அறுபது நிமிட ஆட்டம் என்றால், கோல் கீப்பரை விட்டுவிட்டு மற்ற பத்து இடங்களுக்கும் சேர்த்து மொத்தம் 600 நிமிடம் இருக்கிறது. அணியில் கீப்பர் தவிரப் பதினேழு பேர் இருந்தால், சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பத்தைந்து நிமிடம். பள்ளி அளவிலான ஆட்டங்களில் வெளியேறியவரையே மீண்டும் உள்ளே அனுப்பப் பெரும்பாலும் அனுமதி உண்டு என்பதால் இது நடக்கக்கூடியதுதான். போட்டி விதிகளை மட்டும் முன்பே படித்துவிடுங்கள். நான் முழுச் சமத்துவம் வைப்பதில்லை; எவருக்கும் இருபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது என் வரம்பு, அதற்கு மேல் இருப்பதை உழைப்பைப் பார்த்துக் கொடுக்கிறேன். இதை ஒரு குறிப்பேட்டில் ஆட்டத்தின்போதே எழுதுகிறேன். எழுதாத ஆண்டுகளில், எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்துவிட்டதாக நான் மனதார நம்பிய ஓர் ஆட்டத்தில், ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை மொத்தமே நான்கு நிமிடம் ஆடியிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய காலுறை கடைசிவரை வெள்ளையாகவே இருந்ததைத் திரும்பும் வழியில்தான் பார்த்தேன்.

விதிகளைக் கற்பிப்பது இன்னொரு தனி வேலை. எதிரணிப் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்பவர், தனக்கு உதைக்கப்பட்ட பந்தை ஆடக் கூடாது என்பது ஆஃப்சைடு விதி. அதைக் கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் தலையாட்டினார்கள். மைதானத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு நீளமான கயிறு ஒன்றை எடுத்து, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேராக மைதானத்தின் குறுக்கே இருவரைப் பிடிக்கச் சொன்னேன். அந்த ஆள் நகர்ந்தால் கயிறும் நகர வேண்டும், நான் பந்தை உதைத்த கணத்தில் 'நில்' என்று கத்துவேன், கயிற்றுக்கும் பந்துக்கும் அப்பால் கோல் பக்கமாக நிற்பவர் கையைத் தூக்க வேண்டும். பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. த்ரோ-இன் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது), கார்னர் கிக், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது என்பதை மட்டும் இன்றுவரை பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது: 1863-இல் எழுதப்பட்ட அந்த விதியைப் பெரியவர்களே 1866-இலும் 1925-இலும் மாற்றி, எதிராளியோடு இணையாக நிற்பது குற்றமில்லை என்ற முடிவுக்கு 1990-இல்தான் வந்தார்கள். த்ரோ-இன்னில் பின்னங்கால் தரையை விட்டு எழும்புவது அதைவிடப் பிடிவாதமான பழக்கம்; கட்டைவிரல் நுனியாவது மண்ணில் இழுபட்டுக் கோடு விழ வேண்டும் என்று சொல்லி, எறிந்தபின் அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னால் திருந்துகிறார்கள்.

பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. அவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைக்காக வேலையை விட்டுவிட்டு வெயிலில் வந்து நிற்பவர்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று 'அடி, அடி' என்று அவர்கள் எழுப்பும் குரல், நான் பல வாரம் சொல்லிக்கொடுத்ததை ஒரே நொடியில் அழித்துவிடுகிறது. ஒரு பையன் பந்து காலுக்கு வந்ததும் முதலில் தன் தந்தையின் முகத்தைப் பார்ப்பான். அந்த அரை நொடியில் எதிரணிக்காரன் பந்தைக் கொண்டுபோய்விடுவான். தந்தை இன்னும் உரக்கக் கத்துவார். இதை அவரிடம் தனியாக, அடுத்த நாள், அவர் கோபம் தணிந்தபின் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் அவர் எதிர்ப்பக்கக் கோட்டருகே போய் நின்றுகொண்டார், கைகளைக் கட்டியபடி. இப்போது பருவத் தொடக்கத்திலேயே எல்லாப் பெற்றோரையும் அழைத்து இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்: கைதட்டலாம், உத்தரவு கொடுக்கக் கூடாது; ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழியும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவோ வாட்ஸ்அப் குழுவில் எழுதவோ கூடாது. 'என் பிள்ளையை ஏன் சார் இறக்கவில்லை' என்ற கேள்வி அதற்குப் பிறகும் வரும். அப்போது குறிப்பேட்டைத் திறந்து காட்டுவேன்.

தலை விஷயத்தில் மட்டும் நான் எவருடைய பேச்சையும் கேட்பதில்லை. தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினாலோ, ஆட்டத்தின் நிலவரத்தைச் சொல்ல யோசித்தாலோ, அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. 'ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்' என்று அழுதாலும் முடிந்ததுதான், மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்பலாம். பந்தைத் தலையால் முட்டும் பயிற்சியையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் பத்து வயதுவரை அதைத் தடைசெய்து, பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரை பயிற்சியில் அளவோடு வைத்துக்கொள்ளச் சொன்னது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து அமைப்புகள் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அதை அறவே வேண்டாம் என்றன. இதனால் சில கோல்களை விட்டிருக்கிறோம். பரவாயில்லை.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். ஆனாலும் தினமும் வருபவை. கீப்பராக நிற்க யாரும் முன்வர மாட்டார்கள், முன்வந்தவர் முதல் கோல் விழுந்ததும் அழுவார். நான் பாதிக்கு ஒருவராக மாற்றுகிறேன். நகரும் கோல் போஸ்டைத் தரையோடு கட்டாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள், அது சாய்ந்து விழுந்து உயிரே போயிருக்கிறது. இடி கேட்டால் எல்லோரையும் கட்டடத்துக்குள் அழைத்து, கடைசி இடி கேட்டு அரைமணி கழிந்தபின்தான் வெளியே விடுங்கள். கம்மலுக்கும் மோதிரத்துக்கும் மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். விதிப்படி கழற்றியே ஆக வேண்டும். தேர்வு மதிப்பெண் குறைந்தால் பயிற்சிக்கு அனுப்பாமல் நிறுத்துவது வீட்டில் எளிய தண்டனை. மைதானத்தில் ஏழு பேர்கூட இல்லையென்றால் ஆட்டமே தொடங்காது என்பதை வகுப்பாசிரியர்களுக்கு முன்பே சொல்லி வைத்தால், மதிப்பெண் குறைவதைத் திருத்திக்கொள்ள வசதியாகக் கொஞ்சம் முன்னதாகவே தகவல் தருவார்கள்.

பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் இரண்டு பொருள்களை மட்டும் நீங்களே வாங்கிவிடுங்கள்: நிமிடக் கணக்கு எழுத ஒரு குறிப்பேடு, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. ஊசியில் மூன்றாக வாங்குங்கள். ஒன்று முதல் நாளே தொலையும், இரண்டாவதைப் பந்துக்குள்ளேயே முறித்துவிடுவார்கள், மூன்றாவதை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.