கதை எங்கே என்று கேட்கிறார்கள்

கேள்வி: பூம்பாறையில் பூண்டு போடுகிறேன். ஊர்த் திருவிழாவுக்காக ஒரு மணி நேர நாடகம் எழுதினேன். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போவது, அப்பா வட்டிக்குக் கடன் வாங்குவது, பரணில் இருந்த விதைப்பூண்டு காணாமல் போவது, பாட்டியின் வேடிக்கைப் பேச்சு எல்லாம் உண்டு. ஒத்திகை பார்த்தவர்கள், "பாட்டி வர்ற இடம் அருமை, கதைதான் எங்கேன்னு தெரியல" என்கிறார்கள். டிவி சீரியல் கதையே நகராமல் வருஷக்கணக்கில் ஓடுகிறதே! நாடகத்துக்கு மட்டும் கதைப்பின்னல் அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியம்தான். சீரியல் குடும்பம் பார்ப்பவருக்குப் பக்கத்து வீடு மாதிரி. இன்றைக்கு ஒன்றும் நடக்காவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஜனம் மலைப்பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்காரப்போகிறது. அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு இல்லையென்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்தின் போக்கை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து சந்தியாக, அதாவது ஐந்து கட்டமாகச் சொல்கிறார். உழுத மண்ணில் வித்து முளைக்கிறது, நாற்றாகிறது, சூல் கொள்கிறது, முற்றுகிறது, கடைசியில் அறுத்துக் கொண்டுபோய் உண்கிறார்கள். விவசாயியான உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஊன்றிய பல்தானே பூண்டாகிறது!

அந்தக் காப்பியத்தையே பாருங்கள். கைப்பொருளெல்லாம் தொலைத்து வந்த கோவலனிடம் கண்ணகி சிலம்பு இருப்பதைச் சொல்வது புகாரில். அதை விற்கப் போனதால்தான் அவன் மதுரையில் பொற்கொல்லன் கையில் சிக்குகிறான். அரசவையில் அது உடைந்து, பாண்டிமாதேவியின் சிலம்புக்குரிய முத்து அல்ல, மாணிக்கம் தெறிக்கிறது. முதலில் சிலம்பு வராவிட்டால் பின்னால் எதுவுமே இல்லை.

உங்கள் சிலம்பு, பரணில் இருக்கும் அந்த விதைப்பூண்டு. இப்போது உங்கள் காட்சிகளை 'அப்புறம்' என்ற சொல்தான் ஒட்டவைத்திருக்கிறது. 'அதனால்' என்று மாற்றிக் கட்டுங்கள். அண்ணன் யாருக்கும் தெரியாமல் விதையை மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தையில் விற்கிறான். அதனால் ஊன்றும் நேரத்தில் அப்பா கடன் வாங்குகிறார். கடன் கழுத்தை நெரிப்பதால் அண்ணன் திருப்பூர் பஸ் ஏறுகிறான். விற்றது அவன்தான் என்று ஜனத்துக்கு முன்னாடியே தெரியட்டும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தவிப்பு அங்கேதான் பிறக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு காட்சியைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். குறையே தெரியாவிட்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பாட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதல் காட்சியில் அவர் வேடிக்கை பேசிக்கொண்டே பரணில் பூண்டுக் கட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணட்டும். அண்ணன் பஸ் ஏறிய பிறகு, கடைசியில், அதே பரணில் வெறுங்கையால் துழாவட்டும். அங்கே வசனம் வேண்டாம்.