ரிம்ஃபயரும் சப்ரசரும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னது நான்தான், இவ்வளவு வந்து குவியும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் இருப்பது டெக்ஸஸ். எனக்குத் தெரிந்தது .22 மாதிரி ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும்) துப்பாக்கிகளும், சத்தத்தைக் குறைக்க அவற்றின் பேரல் (குழல்) முனையில் மாட்டும் சப்ரசர்களும். மான் வேட்டைக்கு எது, வீட்டுப் பாதுகாப்புக்கு எது என்பதெல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள். சட்டம் பற்றி நான் சொல்வது பொதுத் தகவல், நான் வக்கீல் இல்லை.

கேள்வி (ஆஸ்டின்): அண்ணா, முதல் முறையாக சப்ரசர் வாங்கப் போகிறேன். அதற்கு ஏற்ற .22 ரைஃபிள் எது? கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தம்பி, கடைக்காரர் துப்பாக்கியில் ஆரம்பிப்பார், நீங்கள் தோட்டாவில் ஆரம்பியுங்கள். சத்தம் இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று, பேரல் வாயில் வெடித்து வெளியேறும் வாயு. சப்ரசர் அடக்குவது இதை மட்டும்தான். இன்னொன்று, ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சடக்கென்ற சத்தம். எத்தனை டாலர் சப்ரசர் மாட்டினாலும் இது குறையாது. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,125 அடி. பெட்டியில் 'ஹை வெலாசிட்டி' என்று போட்டிருக்கும் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா ரைஃபிளில் 1,200 அடியைத் தாண்டும், அதனால் சத்தம் வரும். 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' 1,070 பக்கம், சப்சானிக் (ஒலியைவிட மெதுவானது) என்று விற்பது 1,050 அல்லது அதற்கும் கீழே. இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டு அப்புறம் ரைஃபிள் பாருங்கள். ஒரு விஷயம், குளிர் காலத்தில் ஒலியின் வேகமே குறையும். பூஜ்ஜியம் டிகிரியில் அது 1,087 அடிதான். கோடையில் அமைதியாக இருந்த அதே ஸ்டாண்டர்ட் பெட்டி ஜனவரி காலையில் நடுநடுவே சடக் சடக்கென்றால் சப்ரசரைத் திட்டாதீர்கள்.

ரைஃபிள் என்றால் என் ஓட்டு போல்ட் ஆக்‌ஷனுக்கு. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை அது. சுடும்போது போல்ட் (பேரலின் பின்புறத்தை அடைக்கும் உருளை) பூட்டியே இருக்கும், வாயு முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. காசு பார்க்க வேண்டும் என்றால் ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் அல்லது சாவேஜ் மார்க் 2, கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் சிஇசட் 457 அல்லது டிக்கா டி1எக்ஸ். இதில் எதை எடுத்தாலும் பேரல் முனையில் கம்பெனியே மரை போட்டுத் தந்த மாடலாக எடுங்கள். அமெரிக்காவில் .22க்கு அது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. பேரல் 16 முதல் 20 அங்குலம் இருந்தால் போதும். .22 தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான், 16 அங்குலத்துக்குள் ஏறக்குறைய எரிந்து முடிந்துவிடும், நீளமான பேரலால் வேகம் பெரிதாக ஏறாது. 16க்குக் கீழே போனால் ரைஃபிள் வேறு சட்ட வகைக்குள் போய்விடும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி (பிளேனோ): எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் மத்திய சட்டம். விலக்கு சில உண்டு, நம் ஆட்களுக்குப் பொருந்துவது அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அந்த உரிமம் காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருக்கும், அதுதான் ஆபத்து. வேட்டை உரிமம் இல்லாமல் நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் இதே சட்டம்தான். வார இறுதியில் ரேஞ்சில் படம் எடுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா நிலையில் சப்ரசர் வாங்குவது பற்றி குடியேற்றமும் ஆயுதச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): செமி ஆட்டோவை ஏன் ஒதுக்குகிறீர்கள்? என் ரூகர் 10/22 சப்ரசரோடு அருமையாக இருக்கிறது. போல்ட் ஆக்‌ஷன் வாங்கச் சொல்வது வெறும் பழமைவாதம்.

10/22 தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ, நல்ல துப்பாக்கி, 1964 முதல் விற்கிறது, என்னிடமும் உண்டு. ஆனால் கேள்வி சப்ரசருக்கு எது பொருத்தம் என்பது. 10/22ல் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் பிடித்து வைக்கின்றன. உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே போல்ட் பின்னால் வந்துவிடும். சப்ரசர் மாட்டியதும் வாயு முன்னால் போக நேரம் எடுக்கும், மிச்சம் பக்கவாட்டு ஓட்டை வழியாக உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் வெளியேறும். கூடவே புகைக்கரி, போல்ட் அடித்துத் திரும்பும் உலோகச் சத்தம். பத்தடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் குறைவாகத் தெரியலாம், சுடுகிற உங்கள் காதுக்குத் தெரியும்.

கேள்வி (நியூசிலாந்து, ஹாமில்டன்): இங்கே முயல் தொல்லைக்காக .22 வாங்குகிறேன். நண்பர் அமெரிக்காவிலிருந்து வந்த சப்ரசர் ஒன்றைத் தருகிறார், மாட்டலாமா?

மாட்டாதீர்கள்! சரி, காரணம் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் பிரிட்டனிலும் .22 பேரல்களில் பெரும்பாலும் அரை அங்குலம், 20 மரை. அமெரிக்கச் சாமானில் 28. விட்டம் ஒன்றே என்பதால் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறிவிடும், "இறுக்கமா இருக்கு" என்று கையால் முறுக்கினால் கோணலாக உட்காரும். அப்புறம் முதல் தோட்டாவே, வாயுவைத் தடுக்க சப்ரசருக்குள் இருக்கும் பேஃபிள் தட்டில் உரசிவிட்டுப் போகும். எந்த ஊராக இருந்தாலும் மரையை அளந்து பாருங்கள், பேரலுக்குள் நேராக நிற்கும் அலைன்மென்ட் ராட் ஒன்றை விட்டு சப்ரசர் துளையின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்த பிறகு. உங்கள் ஊரில் துப்பாக்கி உரிமம் இருந்தால் .22க்கு சப்ரசரைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், எங்களைப் போல மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், அதனால் உள்ளூரிலேயே புதிதாக வாங்குங்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): இங்கே சப்ரசர் எப்படி வாங்குவது?

முடியாது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களிலும் சாதாரண ஆட்களுக்கு அனுமதி இல்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து எழுதிய மூவருக்கும் இதே பதில்.

கேள்வி (ஹூஸ்டன், மறுபடி): கன்னத்தில் வாயு என்பது மிகைப்படுத்தல். மெதுவான தோட்டா போட்டால் அதுவும் இல்லை.

எவ்வளவு மெதுவான தோட்டா? சிசிஐ குவயட்-22 என்று ஒன்று இருக்கிறது, 710 அடி வேகம். அதைப் போட்டால் 10/22 தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது, ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டும். அப்போது உங்களிடம் இருப்பது இழுக்க வசதியில்லாத போல்ட் ஆக்‌ஷன்!

கேள்வி (ராலே, வட கரோலினா): சார், ஹூஸ்டன்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளோடு டின் சுட செமி ஆட்டோதான் ஜாலி.

ஜாலி என்பதை மறுக்கவில்லை. 1,070 அடி ஸ்டாண்டர்ட் தோட்டாவில் பல 10/22 ஒழுங்காக ஓடும், சில முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று வகைப் பெட்டி வாங்கிப் பார்த்து உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம். இடது கைக்காரர் என்றால் இன்னும் கவனம், ஓட்டை உங்கள் முகத்தைப் பார்த்தே இருக்கும்.

கேள்வி (ஹூஸ்டன்): போல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுட்டால் சத்தமே இல்லை, செய்து பார்த்திருக்கிறேன்.

விரலை அங்கே வைக்காதீர்கள். வேறென்ன சொல்ல. அமைதிதான் வேண்டும் என்றால் போல்ட் ஆக்‌ஷன், வரிசையாகச் சுட வேண்டும் என்றால் செமி ஆட்டோ. ஒன்று வாங்குகிற காசில் இரண்டும் வேண்டும் என்கிறீர்கள்.

கேள்வி (சியாட்டில்): எச்1பி-யில் இருக்கிறேன், மனைவிக்கு கிரீன் கார்டு. அவர் பெயரில் இருக்கும் துப்பாக்கியை நான் பயன்படுத்தலாமா?

மேலே பிளேனோ பதிலைப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்பதில்லை, யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஆன்லைனில் 'சால்வென்ட் டிராப்' கிட் (பேரல் கழுவும் திரவத்தைப் பிடிக்கும் குழாய்) மலிவாக வருகிறதே, அதையே சப்ரசராக மாற்றிவிடலாமே?

முன் அனுமதி இல்லாமல் செய்தால் மத்தியக் குற்றம், பத்து வருடம் வரை சிறை. இந்தக் கேள்வி ஏழெட்டு உருவத்தில் வந்திருக்கிறது, எதற்கும் பதில் இல்லை.

கேள்வி (சான் அன்டோனியோ): 200 டாலர் வரி போய்விட்டதாமே? இனி பேப்பர் வேலை இல்லையா?

வரிதான் போனது. 1934 சட்டப்படி இருந்த 200 டாலர், 2026 ஜனவரி 1 முதல் சப்ரசருக்கு பூஜ்ஜியம். பதிவு, ஃபார்ம் 4 (பெயர் மாற்ற மனு), கைரேகை, புகைப்படம், அனுமதி வரும்வரை காத்திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டில் இன்னொருவரும் தனியாக எடுத்துப் போய்ச் சுடுவார் என்றால் ஆரம்பத்திலேயே பலர் பெயரைச் சேர்க்கக்கூடிய டிரஸ்ட் பெயரில் வாங்குங்கள். தனிநபர் பெயரில் வாங்கினால் நீங்கள் கூட இருக்க வேண்டும்.

கேள்வி (டாம்பா): கனமான தோட்டா இன்னும் அமைதியாக இருக்குமாமே? 60 கிரெய்ன் அகீலா பார்த்தேன்.

இந்தத் தோட்டாவைப் பற்றி எச்சரிக்காத நாளே எனக்கு இல்லை. 950 அடிதான், அமைதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண .22 பேரலின் உள்வரிகள் தோட்டாவை 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுழற்றும். அந்த நீளத் தோட்டா நேராக நிற்க அது போதாது, தள்ளாடிக்கொண்டே போகும். அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை விழுந்தால் தோட்டா பக்கவாட்டில் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் போகிற தோட்டா சப்ரசருக்குள் என்ன செய்யும்? 40 கிரெய்னோடு நில்லுங்கள். புதிதாக எந்தத் தோட்டா வாங்கினாலும் முதலில் சப்ரசரைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையில் சுட்டு ஓட்டையைப் பாருங்கள்.

கேள்வி (அட்லான்டா): கைத்துப்பாக்கியில் எது?

ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் இரண்டும் பேரல் அசையாத வகை, மரை போட்ட மாடல் கிடைக்கிறது. வால்தர் பி22 வைத்திருந்தால் அதன் முனையில் மில்லிமீட்டர் மரை, அடாப்டர் வேண்டும், அது தளராமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். குட்டை பேரலில் ஒரு லாபம் உண்டு. ரைஃபிளில் சடக்கென்கிற ஹை வெலாசிட்டி தோட்டா நாலு அங்குல பேரலில் பல சமயம் ஒலி வேகத்துக்குக் கீழேயே இருந்துவிடும். முதல் குண்டு மட்டும் பெரிதாகக் கேட்கும், சப்ரசருக்குள் இருந்த காற்றின் ஆக்சிஜனில் மிச்ச மருந்து எரிவதால். பழுது இல்லை.

கேள்வி (நாஷ்வில்): ரிவால்வர்?

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும். வேண்டாம்.

கேள்வி (ஹாமில்டன், மறுபடி): .17 எச்எம்ஆர் எப்படி?

2002ல் வந்தது, 17 கிரெய்ன், 2,550 அடி. சடக்கென்பது போகவே போகாது. ஆனாலும் பேரல் வாயில் வரும் சத்தம் குறைவதால் மாட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, எங்கிருந்து சுட்டீர்கள் என்று முயலுக்கு உடனே புரியாது. சப்ரசர் .17 எச்எம்ஆருக்கு ஏற்றது என்று கம்பெனி எழுதியிருக்க வேண்டும். .22 மேக்னமும் இதே கதைதான்.

கேள்வி (ஆர்லாண்டோ): இதை மாட்டினால் காது மூட வேண்டாமே?

.22 ரைஃபிள் வெறும் பேரலோடு 140 டெசிபல் பக்கம் வரும், நொடி நேரச் சத்தத்துக்கு அபாய எல்லை என்று சொல்வதும் அந்த 140தான். நல்ல சப்ரசரும் சப்சானிக் தோட்டாவும் சேர்ந்தால் 120க்குக் கீழே. திறந்த வெளியில் நீங்கள் மட்டும் என்றால் பலர் மூடுவதில்லை. ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒருவர் பெரிய ரைஃபிளோடு இருப்பார், அங்கே மூடித்தான் ஆக வேண்டும்.

கேள்வி (சார்லட்): சுத்தம் செய்ய வினிகரும் பெராக்ஸைடும் கலந்து ஊற வைக்கச் சொல்கிறார்களே?

செய்யவே செய்யாதீர்கள். .22 தோட்டா பெரும்பாலும் மூடாத ஈயம், அது உள்ளே படிகிறது. அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து லெட் அசிடேட் ஆக்கும், தண்ணீரில் கரைகிற விஷம் அது. சமையலறை சிங்க்கில் ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள்! அலுமினிய பேஃபிளையும் அது அரிக்கும். அதனால்தான் வாங்கும்போதே கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய சப்ரசராக வாங்கச் சொல்கிறேன். சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை பிரித்துவிடுங்கள், விட்டால் ஈயம் இறுகி, பிரிக்கச் சுத்தியல் தேடுவீர்கள். கையுறை போட்டு, ஈரமாகவே தேய்த்து, குழந்தைகள் இல்லாத இடத்தில்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், தோட்டத்தில் மயில், காட்டுப்பன்றி தொல்லை. சைலன்சர் வைத்த .22 இங்கே வாங்க முடியுமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மயிலைத் தொடவே முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். துப்பாக்கி உரிமம் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (டென்வர்): எஃப்1 விசாவில்...

பிளேனோ.

கேள்வி (ஹூஸ்டன்): கடைசியாக ஒன்று. சிஇசட் 457 வாங்கினால் எந்த பேரல் நீளம்?

ஆ, வந்துவிட்டீர்களா! 16 அங்குலம் பக்கம் எடுங்கள், சப்ரசர் மாட்டியதும் முன்பக்கம் கனக்கும், நீள பேரல் காருக்குள் வைக்கவும் தொல்லை. இறக்குமதி சரக்காக இருந்தால் மரை 28ஆ 20ஆ என்று கடையிலேயே அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 10/22ஐ விற்பதானால் ராலேகாரர் குழந்தைகளுக்குத் தேடிக்கொண்டிருப்பார், ஆனால் மாநிலம் தாண்டி நேராகக் கையில் கொடுத்துவிடாதீர்கள், உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும்.