சந்தையில் வாங்கிய விடைக்கோழிகளைப் பழைய கோழிகளோடு எப்போது சேர்க்கலாம்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான்கு விடைக்கோழிகள் (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகள்) வாங்கி, அன்று இரவே கூண்டுக்குள் விட்டோம். விடிந்து பார்த்தால் ஒன்றுக்குக் கொண்டையில் ரத்தம். இப்போது நான்கையும் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். எப்போது சேர்க்கலாம்? கூண்டு நாலுக்கு நாலடி.

பதில்: கொண்டைக் காயத்துக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள், சில நாளில் ஆறிவிடும். சந்தைக் கோழிகள் ஓர் இரவு முழுக்க உங்கள் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைந்திருந்ததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே போன 2 முதல் 15 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில்தான் நோயைக் காட்டும். சந்தையில் துறுதுறுவென்று நின்ற கோழி அடுத்த வாரமே சுருண்டு விழுவது இதனால்தான். சளி நோய் இன்னும் மோசம்: தேறிவிட்ட கோழிகூடக் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும்.

அதனால் புதியவற்றை 30 நாள் தனியே வையுங்கள். ஒரு மாதத்துக்குப் பஞ்சாரம் போதாது, மதுரை வெயிலில் நான்கு கோழிகள் உள்ளே வெந்துபோகும். பழைய கூண்டிலிருந்து 30 அடியாவது தள்ளி, வேப்பமர நிழலில் கம்பிவலை அடித்த தனி அடைப்பு போடுங்கள். தீவனச் சட்டி, தண்ணீர்ச் சட்டி தனி. தினமும் பழைய கோழிகளுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, புதியவற்றிடம் கடைசியாகப் போங்கள். பிறகு கைகால் கழுவுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கல், முக வீக்கம் இருந்தால் உடனே கால்நடை மருந்தகம். செத்த கோழியைக் கண்மாயில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இந்த ஒரு மாதம் பழைய கோழி எதையும் விற்கவோ சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவோ வேண்டாம், அவையும் கிருமி பட்டவையாக இருக்கலாம்.

இரண்டு வாரம் நோயின்றிக் கழிந்தால், பழையது புதியது எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலடியில் அரை மில்லி. அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, காலை வெயில் ஏறுமுன் கொண்டுபோங்கள். சோர்ந்திருக்கும் கோழிக்கு ஊசி கூடாது. ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது, ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மீதமுள்ள நாட்கள் அதற்குச் சரியாக இருக்கும்.

அதற்குள் கூண்டைச் சரிசெய்யுங்கள். கொத்துக்குப் பாதிக் காரணம் இடநெருக்கடி. நாட்டுக்கோழிக்கு இரவில் அடைய ஒன்றுக்கு 2 சதுர அடி வேண்டும். 11 கோழிக்கு 22, உங்களிடம் இருப்பது 16. ஒரு பக்கம் இரண்டடி நீட்டினால் 24 ஆகிவிடும். உள்ளே கோழிகள் ஏறி அடைய ஆறடி நீளத்தில் இரண்டு கழிகள், ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமனில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்; ஒன்று உயர்ந்தால் எல்லாக் கோழியும் அதற்கே சண்டை போடும். கழிகளின் வெடிப்பிலும் முடிச்சிலும் செள்ளு பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும், அவற்றில் வேப்பெண்ணெய் பூசுங்கள். சாதாரணக் கோழிவலையைக் கீரியும் பெருச்சாளியும் பிய்த்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ்ஷை ஓரடி மண்ணுக்குள் இறக்கிக் கட்டுவதுதான் நிற்கும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று.

முப்பது நாள் முடிந்ததும் புதியவற்றின் அடைப்பைப் பழைய கூண்டை ஒட்டி நகர்த்துங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள், வலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாகப் பார்த்துப் பழகட்டும். பலரும் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்து, பழையவை கழியில் ஏறிய பின், நான்கையும் ஒன்றாகத் தூக்கி நடுநடுவே உட்கார வையுங்கள். மறுநாள் முதல் வெளிச்சத்திலேயே கதவைத் திறந்துவிட வேண்டும். விடிந்த பிறகும் அடைத்து வைத்தால், ஓட இடமில்லாத கோழிதான் அடி வாங்கும். தீவனம் மூன்று இடத்தில், தண்ணீர் இரண்டு இடத்தில் வையுங்கள். கொல்லையில் கவிழ்த்த கூடை, சாய்த்த பலகை என்று ஒளிய இடம் இருக்கட்டும்.

துரத்தலும் கொண்டைக் கொத்தும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், அதில் தலையிட வேண்டாம். சாயங்காலம் புதியவற்றின் கழுத்தடி இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிரம்பியிருந்தால் கவலையில்லை, காலியாக இருந்தால் பழையவை தின்னவிடாமல் விரட்டுகின்றன என்று அர்த்தம். ரத்தம் வந்தால் அடிபட்டதை உடனே பிரித்து வையுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவையும் கொத்தும். ஒரே பெட்டை வம்பு செய்தால் அதை மூன்று நான்கு நாள் பஞ்சாரத்தில் போடுங்கள். திரும்பி வரும்போது அதன் பழைய இடம் பறிபோயிருக்கும். பத்துப் பெட்டைக்கு இருக்கும் சேவலே போதும், இன்னொன்று வாங்காதீர்கள்.

விடைக்கோழிகள் முட்டையிடத் தொடங்கும்வரை முட்டைக்கோழித் தீவனம் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடுபவை வேண்டியதை எடுத்துக்கொள்ளும். சேர்த்த முதல் வாரம் பழைய பெட்டைகள் முட்டையைக் குறைக்கும், அதற்காக மருந்து எதுவும் வாங்க வேண்டாம்.