துப்பாக்கி வந்த வழி: புதுச்சேரித் துறைமுகம் பற்றி உங்கள் கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதி 1914இல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றியவை. நான் படிப்பது புதுச்சேரித் துறைமுகத்தையும், 1908 முதல் 1920 வரை பிரிட்டிஷாருக்குத் தப்பி அங்கே அடைக்கலமாக இருந்தவர்களையும். அதனால் முதலில் என் பக்கத்துக் கேள்விகள்.

ஆயுதம் கடத்த ஏன் புதுச்சேரி? சென்னையே பெரிய துறைமுகம் ஆயிற்றே. (கடலூரிலிருந்து ஒருவர்)

பெரிய துறைமுகம் என்பதுதான் சென்னையின் சிக்கல். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டம் இருந்தது. உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. புதுச்சேரியில் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. அங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கரை என்பதால் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குப் படகுகளில்தான் சரக்கும் ஆளும் வந்து சேர வேண்டும். எல்லையோ ஒரே கோடு இல்லை. பிரெஞ்சுக் கிராமம், அடுத்தது பிரிட்டிஷ் கிராமம், மறுபடியும் பிரெஞ்சு என்று திட்டுத்திட்டாகக் கிடந்தது. சாலையில் சாவடி வைக்கலாம், ஒவ்வொரு வயல் வரப்பிலும் வைக்க முடியுமா?

பிரெஞ்சு நிலம் என்றாலே ஆயுதம் தாராளம் என்றும் நினைத்துவிட வேண்டாம். வங்காளத்துச் சந்திரநாகூரும் பிரெஞ்சு ஊர்தான். அங்கே மேயர் தார்திவேல் ஆயுத இறக்குமதிக்குத் தடை கொண்டுவந்தார். 1908 ஏப்ரலில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். உயிர் தப்பினார்.

வாஞ்சிநாதன் கையில் இருந்த துப்பாக்கி புதுச்சேரி வழியாகத்தானே வந்தது? (திருநெல்வேலி)

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சி சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. அவர் அதற்கு முன் புதுச்சேரி வந்து, அங்கே அடைக்கலமாக இருந்த வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார். பாரிஸிலிருந்து இந்தியப் புரட்சியாளர் மேடம் காமா அனுப்பிய துப்பாக்கி என்பது பரவலான பேச்சு. பேச்சைப் பேச்சாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தெளிவாகத் தெரிந்த கதை ஒன்று உண்டு, ஆனால் அது பம்பாய்க் கதை. 1909இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன் ஊர் திரும்பும்போது, அவருடைய பெட்டியின் போலி அடித்தட்டுக்குள் 20 பிரவுனிங் துப்பாக்கிகள் இருந்தன. அனுப்பியவர் சாவர்க்கர். அவற்றில் ஒன்றுதான் அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாக்கி, 20 துப்பாக்கியும் புதுச்சேரியில் இறங்கியதாக எழுதுகிறார்கள். தேதியையும் ஊரையும் பாருங்கள்.

துறைமுகத்திலிருந்து மொத்தமாக ஆயுதம் போன சம்பவம் உண்டா?

கல்கத்தாவில் உண்டு. 1914 ஆகஸ்ட் 26. துப்பாக்கி வியாபாரம் செய்த ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்த குமாஸ்தா, கிடங்கில் 192 பெட்டிகளைத்தான் சேர்த்தார். மீதி 10 பெட்டிகளோடு 50 மௌசர் துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியில் அந்த அளவில் எதுவும் நடக்கவில்லை.

எம்டன் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை வந்தாரா?

இல்லை. எம்டன் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 1914 ஜூலை 31. சென்னையைச் சுட்டது செப்டம்பர் 22 இரவு. அந்தச் செப்டம்பரில் செண்பகராமன் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். பெர்லினுக்குப் போனதே அதற்குப் பிறகு.

என் தாத்தா அவரைக் கப்பலில் பார்த்ததாகச் சொன்னாரே?

இருட்டில், கரையிலிருந்து ஏறக்குறைய 3,000 கஜம் தள்ளி நின்ற கப்பல் அது. எண்ணெய்த் தொட்டி எரிந்ததைத் தாத்தா பார்த்திருப்பார். அதை அவர் எப்படிச் சொன்னார் என்பதை எழுதி வையுங்கள், அது விலைமதிப்பில்லாதது.

செண்பகராமன் எம்டனில் இருந்தாரா, இல்லையா?

மேலே பார்க்கவும்.

ஒரு தியாகியை இப்படிச் சிறுமைப்படுத்தலாமா? கப்பலில் இருந்தார் என்று பள்ளியிலேயே படித்தோம். (நாகர்கோவில்)

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. இருபத்து மூன்று வயதில் அயல்நாட்டில் உட்கார்ந்து ஒரு பேரரசுக்கு எதிராக அமைப்பு கட்டியவர். 1934இல் பெர்லினில் இறந்தார். 1966இல் அவருடைய அஸ்தி இந்தியக் கடற்படையின் டெல்லி கப்பலில் கொச்சிக்கு வந்தது. இவ்வளவும் நடந்தது. இத்தனை இருக்கும்போது அவருக்கு இன்னொரு கப்பலை ஏன் கட்டிவிட வேண்டும்?

அதைவிட எனக்கு வருத்தம் வேறு. எம்டன் என்றதும் எல்லோரும் சென்னைக் கடற்கரையையே பார்க்கிறீர்கள். அந்தக் குண்டுகளுக்கு விலை கொடுத்தவர்கள் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்தவர்கள். அதற்கு முன் பிரெஞ்சு ஆட்சி அவர்களுக்கு ஓரளவு கவசம். 1914 ஆகஸ்டில் பிரான்சும் பிரிட்டனும் ஒரே பக்கம் நின்று போரிட ஆரம்பித்ததும் அந்தக் கவசம் மெலிந்தது. எம்டன் சுட்டதும் பழி இவர்கள்மேல் விழுந்தது, இவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பச் சொல்லி பிரிட்டிஷார் நெருக்கினார்கள். என்றைக்கு நாடு கடத்துவார்களோ என்று தெரியாத அந்த நாட்களில்தான் ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்தார். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த கை அது. எனக்கு இது எம்டனைவிடப் பெரிய கதை.

ஐயர் வீட்டில் ஆயுதம் பிடிபட்டதாமே?

ஆயுதம் இல்லை. கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே அரசுக்கு எதிரான காகிதங்கள். உளவாளிகள் போட்டுவைத்தது. பாரதி சொன்னபடி இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். அதனால் தப்பினார்கள். ஊருக்குள் கடத்திவரப்பட்டது பொய்ச் சாட்சியம்.

2022இல் இடிந்த புதுச்சேரிக் கடற்பாலம்தான் அந்தக் காலத்துப் பாலமா?

இல்லை. பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. இடிந்தது அதற்குப் பிறகு கட்டியது.

1761 முற்றுகை பற்றி?

என் துறை இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.

பரணில் தாத்தாவின் பழைய கைத்துப்பாக்கி கிடைத்தது. படம் அனுப்பட்டுமா, எந்தக் காலம் என்று சொல்வீர்களா?

அனுப்ப வேண்டாம். இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். எடுத்துத் துடைக்காதீர்கள், விசையைத் தொடாதீர்கள், விற்கக் கேட்காதீர்கள். நூறு வருடத் தோட்டாவும் வெடிக்கும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இன்றைக்கும் குற்றம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கூடவே ஏதாவது கடிதம், ரசீது, பழைய பெட்டி இருந்தால் அதன் படத்தை அனுப்புங்கள். அது எந்த ஊர், எந்தத் தேதி என்று உட்கார்ந்து பார்ப்போம்.

எம்டனில் செண்பகராமன்...

சூரிச்சில் இருந்தார்.